பூட்டு போட்ட ஓட்டு

என் தங்கைக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. தலை பின்னிக்கொள்ள முடியாது. கொடியில் துணி போட முடியாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. பன்னிரண்டு வருடங்களாக அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது நான்தான். தினமும் காலையில் சீப்பைக் கையில் எடுக்கும்போதே மனதுக்குள் ஒரு ஆளைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். ரிப்பன் கட்டி முடிக்கும்வரை திட்டுவேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் யார் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. மறக்க வேண்டும் என்று நான் முயன்றதும் கிடையாது.

அவள் கோல்கீப்பர். எங்கள் நாட்டுப் பெண்கள் அணிக்கு ஐந்து வருடம் கோல் காத்தவள். அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர் வைத்தது மைதானத்துக்கு எதிரே லாரி பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள். அவள் கோலில் நின்றால் அவர்கள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு மதிலோரம் வந்து நிற்பார்கள். எதிரணிக்காரிகளைப் பார்த்து, “பூட்டு தொங்குது, வேற வீடு பாருங்கம்மா!” என்று கத்துவார்கள். அப்புறம் பயிற்சியாளரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். கடைசியில் அம்மாவும்.

நாங்கள் இருவரும் அப்போது அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். நனைந்த பெட்ஷீட் மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அதைத் தூக்கித் தூக்கித்தான் அவள் கை இரும்பானது. மற்ற அணிகளில் கோல்கீப்பர்களுக்கு உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. இவளுக்குச் சலவைக்கூடம்.

எங்கள் கால்பந்துச் சங்கத்தின் ஆபீஸ், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் டயர் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டே அறை. தலைவர் மேஜை நாற்காலி விற்கும் கடை வைத்திருப்பவர். யார் என்ன கேட்டாலும் “ஆகட்டும், பார்த்துக்கலாம்” என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆகட்டும் தலைவர் என்று பேர். அவர் ஆகட்டும் என்று சொல்லி ஆனது எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருநாள் அந்த மாடிப்படியில் சென்ட் வாசனையோடு ஒரு ஆள் ஏறினான். நாங்கள் பெரிய நாடு என்று சொல்லும் நாட்டுக்காரன். சின்ன வயதில் தரை விரிப்பு விற்க எங்கள் பக்கம் வந்து சில வருடம் தங்கியவன். எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவான். இப்போது அவன் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் பெரிய பதவி. அவன் போய் வெகுநேரம் ஆன பிறகும் படிக்கட்டு மணத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அவனுக்குச் சென்ட்டுக்காரன் என்ற பேர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

“இவ்வளவு பெரிய மனுசனுக்கு நம்ம டயர் கடை மாடியில என்ன வேலை?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“ஓட்டு, மாமா” என்றாள் தங்கை.

அவள் சொன்னதை வைத்துத்தான் எனக்கு அந்த விஷயமே புரிந்தது. பெரிய கால்பந்துப் போட்டிகளை எந்த நாட்டில் நடத்துவது என்று முடிவு செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. நடத்த ஆசைப்படும் நாடுகள் மனுப் போடும். மைதானம், ஹோட்டல், ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு குழு வந்து சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் எப்படி இருந்தாலும் கடைசியில் முடிவு செய்வது ஓட்டு. எல்லா நாட்டுச் சங்கங்களும் ஒரே மண்டபத்தில் கூடும். சங்கத்துக்கு ஒரு ஓட்டு. யாருக்காவது பாதிக்கு மேல் விழும்வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக வந்தவர் வெளியே போக வேண்டும்.

“பத்து மாடிக் கட்டடத்துல இருக்கிற சங்கத்துக்கும் ஒண்ணுதான், நமக்கும் ஒண்ணுதான்” என்றாள்.

“அப்ப நான் மாடிப்படியைக் கூட்டி வைக்கிறேன். இன்னும் நாலு பேர் வருவான்” என்றார் இவர்.

அந்த முறை பெரிய நாடு கேட்டது இளையோர் போட்டியை. சென்ட்டுக்காரன் ஓட்டுக்குக் கைம்மாறாக ஒரு பரிசு சொன்னான்: எங்கள் மண் மைதானத்துக்குப் புத்தம் புதிய செயற்கைப் புல். தலைவர் ஆகட்டும் என்றார். ஓட்டுப் போனது, புல் வந்தது. மண்ணைச் சமன் செய்து சிமெண்ட் தளம் போட்டு அதன்மேல் அந்தப் பச்சை விரிப்பைச் சுருள் சுருளாக ஒட்டினார்கள். அடியில் மெத்தை மாதிரி ரப்பர் போட வேண்டும் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தாள்.

திறப்பு விழா ஆட்டத்தில் பெரிய நாட்டுப் பெண்கள் அணியே வந்து விளையாடியது. இடைவேளைக்குச் சற்று முன் வலது மூலைக்கு ஒரு பந்து பறந்து வந்தது. என் தங்கை பாய்ந்தாள். பந்தைத் தட்டிவிட்டாள். அதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும்: பந்து உள்ளே போகவில்லை. அவள் தோள் சிமெண்டில் விழுந்த சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.

எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. சாயங்காலம் சலவைக்கு வந்த மூட்டையில் அவளைப் படுக்க வைத்திருந்த பெட்ஷீட்டும் இருந்தது. அதை நான் மெஷினில் போடவில்லை. தனியாக எடுத்துக் கையால் துவைத்தேன். வார்டில் இருந்த டிவியில் சென்ட்டுக்காரன் மாலையும் கழுத்துமாகப் பேசிக்கொண்டிருந்தான்: “மைதானத்துல ஒரு குறையும் இல்லை. விழத் தெரியாத பொண்ணைக் கோல்ல நிக்க வச்சது அவங்க தப்பு.” பக்கத்தில் நின்ற ஆகட்டும் தலைவர் தலையை ஆட்டினார். கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்த தங்கை அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். வார்டு நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரி, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்றாள்.

கை போனதும் சலவைக்கூட வேலையும் போனது. தலைவர் கருணை காட்டுவதாகச் சொல்லி அவளைச் சங்க ஆபீஸில் எடுபிடியாகச் சேர்த்துக்கொண்டார். போகாதே என்று சண்டை போட்டேன்.

“போறேன்க்கா. ஓட்டு இருக்கிற இடம் அதுதானே” என்றாள்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை. அவள் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். தாள்களை நகல் எடுத்தாள். பிறகு பெண்கள் போட்டிகளை நடத்த ஆரம்பித்தாள். பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் விதிமுறைப் புத்தகங்களை ஆபீஸிலேயே அவள் ஒருத்திதான் படிக்கிறாள் என்றானது. எதைக் கேட்டாலும் தலைவர், “பூட்டைக் கேளுங்க, அதுக்குத்தான் தெரியும்” என்பார். இத்தனை வருடத்தில் அந்தத் திறப்பு விழாவைப் பற்றி அவர் ஒருமுறைகூட வாயைத் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்தப் புல்லின் கதை வேறு. புத்தம் புதியது என்றார்கள் அல்லவா? மழை பெய்யப் பெய்ய மேலே அடித்திருந்த பச்சைப் பெயிண்ட் கரைந்து, வலப்பக்கப் பெனால்டி பகுதிக்குள் ஒரு வெள்ளை வளைவு வெளியே வந்தது. எந்த ஆட்டத்துக்கும் அங்கே அப்படி ஒரு வளைவு தேவையில்லை. யாரோ ஆடித் தேய்த்துக் கழித்துப்போட்ட புல்லை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. தலைவரிடம் சொன்னோம். ஆகட்டும் என்றார்.

இப்போது பெரிய போட்டிக்கு வருகிறேன். உலகப் போட்டியை நடத்த மூன்று மனுக்கள் வந்தன. ஒன்று பெரிய நாடு. இன்னொன்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகள் சேர்ந்து போட்டது. நாங்கள் அவர்களை ஜோடி என்போம். மூன்றாவது நாடு சும்மா ஆசைக்குப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய நாட்டின் மனுவுக்குப் பொறுப்பாளன் யார் என்றால், சாட்சாத் சென்ட்டுக்காரன்.

மறுபடியும் படிக்கட்டு மணத்தது. அன்று அவன் எதிரில் காபியை வைத்தவள் என் தங்கை. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, “புதுசா சேர்ந்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டானாம்.

“கொஞ்ச நாள் ஆச்சு சார்” என்றாளாம்.

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “அந்தக் காபியை அவன் மூஞ்சியில ஊத்தியிருக்க வேண்டாமா?”

“காபி ஆறிப்போயிருந்துச்சுக்கா.”

“இவ ஒருத்தி! உன்னைய அடையாளமே தெரியலையாடி அவனுக்கு?”

“தெரியல. நல்லதாப் போச்சு” என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். அன்று வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள்.

தலைவர் சென்ட்டுக்காரனிடம் “முதல் ஓட்டே உங்களுக்குத்தான்” என்று கையைப் பிடித்துச் சொன்னார். அடுத்த வாரம் ஜோடி நாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவரிடமும் “உங்களுக்கு இல்லாமலா?” என்றார். இதுவரை அப்படித்தான் பிழைப்பு நடந்தது. சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரிடமும் உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரம் பார்த்து உலகக் கால்பந்துச் சங்கத்திலிருந்து புது விதி வந்தது. இனிமேல் பொத்தானை அமுக்கித்தான் ஓட்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்த நாடு யாருக்குப் போட்டது என்பது மண்டபத்தின் பெரிய திரையில் தெரியும்.

அந்த விதியைத் தலைவருக்குப் படித்துக் காட்டியவள் என் தங்கைதான். கேட்டு முடித்ததும் தலைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

“ஏம்மா, என்னால அவ்வளவு நேரம் விமானத்துல உட்கார முடியாது. நீ போயிட்டு வந்துடு.”

“ஓட்டு யார் சார் போடுறது?”

“நீதான்.”

“யாருக்குப் போடணும்? ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்திருக்கீங்களே.”

“நீ எதையாவது அமுக்கு. விட்டுப்போனவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். படிக்காத பொண்ணு, பதட்டத்துல மாத்தி அமுக்கிடுச்சுன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. உன்னை யார் என்ன செஞ்சுடப் போறாங்க?”

ஒருவரைப் பலியாக நிறுத்துவதை அவரிடமே சொல்லி நிறுத்துகிற மனிதர் எங்கள் தலைவர் ஒருவராகத்தான் இருப்பார். அதில் ஒரு தவறு இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

“ஆகட்டும் சார்” என்றாள் என் தங்கை.

அவளுக்கு நான்தான் பெட்டி அடுக்கினேன். சட்டைகளைச் சலவைக்கூடத்தில் போடுவதுபோல மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தேன். பின்னலை நாலு நாளைக்குத் தாங்குகிற மாதிரி இறுக்கிப் போட்டேன். “அவனுக்கு மட்டும் போட்டே, இந்த வீட்டுப் படியை மிதிக்காதே” என்றேன். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள்.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குப் பெரிய நாடுகளின் ஆட்கள் தனி மேஜைகளில் உட்கார்ந்தார்கள். இவளைப் போலச் சின்ன நாடுகளிலிருந்து தனியாக வந்தவர்கள் கதவோரத்து மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு பெண் முன்னாள் நடுவர். விரலை வாயில் வைத்து அடித்தால் விசில் மண்டபத்தையே திருப்புமாம், அதனால் விசிலக்கா. பேச்சு எங்கெங்கோ போய் மைதானத்துக்கு வந்தது.

“எங்களுக்கும் அந்தப் பெரிய நாட்டுக்காரங்கதான் புல் போட்டுக் குடுத்தாங்க. கார்னர் கொடிகிட்ட ஒரு வெள்ளை வளைவு இருக்கும். எதுக்குன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது” என்றாள் விசிலக்கா.

தங்கை கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். தன் போனில் எங்கள் மைதானத்தின் படத்தைத் தேடி எடுத்தாள். விசிலக்காவும் எடுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தடித்த மனிதர், “எங்க கோல் கம்பத்துக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு” என்று தன் போனை நீட்டினார். மூன்று போன்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். மூன்று வளைவுகளும் சேர்ந்து முக்கால் வட்டம் வந்தது. பெரிய நாட்டில் ஏதோ ஒரு பழைய மைதானத்தின் நடுவட்டம் அது. அந்தப் புல்லைப் பட்டை பட்டையாக அறுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் புத்தம் புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள். மீதிக் கால் வட்டத்தைத் தேடிப் போனதில் அந்தப் புல்லை வாங்கிய எட்டு நாட்டு ஆட்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். எட்டு நாட்டிலும் யாராவது ஒருவருக்கு முழங்காலோ மணிக்கட்டோ தோளோ போயிருந்தது.

என் தங்கையைத் தவிர மற்ற ஏழு பேருக்கும் ஊரிலிருந்து கிடைத்த உத்தரவு ஒன்றுதான்: பெரிய நாட்டுக்குப் போடு. தடித்த மனிதர் தன் போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “போடலைன்னா எனக்கு வேலை போயிடும். திரையில தெரிஞ்சுடுமே.”

“போடுங்க” என்றாள் என் தங்கை. “முதல் சுற்றுல எல்லாரும் அவனுக்கே போடுங்க. அவன் கேட்டது முதல் ஓட்டு, நம்ம தலைவர்ங்க வாக்குக் குடுத்ததும் முதல் ஓட்டு. ரெண்டாவது சுற்றைப் பத்தி அவனும் கேக்கல, இவங்களும் சொல்லல.”

“முதல் சுற்றுலயே அவங்க ஜெயிச்சுட்டா?” என்று கேட்டாள் விசிலக்கா.

“ஜெயிக்க மாட்டாங்க. மூணாவது நாடு கொஞ்சம் ஓட்டைப் பிரிக்கும். முதல்லயே நாம கையை விட்டோம்னா, இடைவேளையில வந்து நம்ம காலைப் பிடிச்சாவது திருப்பிடுவாங்க. நாம அவங்க பையில இருக்கோம்னு நினைச்சாத்தான் நம்ம பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.”

ஓட்டு நாளன்று ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் டிவிக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா. ஓட்டுக்கு முன்னால் மூன்று நாடுகளும் தங்கள் பெருமையைப் படமாகக் காட்டினார்கள். பெரிய நாட்டுப் படத்தில் ‘நாங்கள் அன்பளிப்பாகத் தந்த மைதானங்கள்’ என்று ஒரு பகுதி. அதில் எங்கள் மைதானமும் வந்தது. வானத்திலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தச் சிமெண்ட் பச்சைப் பசேலென்று மின்னியது. அம்மா டிவியைப் பார்த்து விரலை நெட்டி முறித்துச் சாபம் விட்டாள்.

முதல் சுற்று முடிந்து திரையில் பேர்கள் வந்தன. எங்கள் நாட்டின் பேருக்கு நேரே பெரிய நாட்டின் கொடி.

“போட்டுட்டாளே! அவனுக்கே போட்டுட்டாளே பாவி!” என்று கத்திவிட்டேன். டோக்கன் வைத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய நாடுதான் முன்னால் இருந்தது. அவனுக்கு இன்னும் ஆறே ஆறு ஓட்டு விழுந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். மூன்றாவது நாடு வெளியே போனது.

இடைவேளையில் கேமரா மண்டபத்தைச் சுற்றி வந்தது. சென்ட்டுக்காரனின் ஆட்கள் மூன்றாவது நாட்டுக்குப் போட்டவர்களின் மேஜைகளை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். சென்ட்டுக்காரன் மட்டும் ஒரு நிமிடம் எங்கள் நாட்டுப் பலகை வைத்த மேஜைக்கு வந்தான். என் தங்கையின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினாள். நான் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சலவைக்கூடத்துக்கே போயிருப்பேன், அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருடி. அவ சிரிக்கிறதைப் பாரு. சின்னதுல உன் பென்சிலைத் திருடி வச்சுக்கிட்டுச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.”

இரண்டாம் சுற்று. இப்போது இருவர்தான். திரை வந்தது. கூட்டுத்தொகையை நான் பார்க்கவில்லை. எங்கள் பேரைத்தான் தேடினேன். நேரே ஜோடியின் கொடிகள். மண்டபத்தில் ஒரு மூலையிலிருந்து விசில் ஒன்று பறந்தது. ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜோடி ஜெயித்துவிட்டது.

சென்ட்டுக்காரன் எழுந்து நின்றிருந்தான். ஜெயித்த பேச்சுப் பேசுவதற்காகக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக எழுந்தவன். அவன் முகம் எப்படி மாறியது என்பதை நான் நிதானமாக எழுத விரும்புகிறேன். முதலில் சிரிப்பு அப்படியே இருந்தது, உதடு மட்டும் காய்ந்தது. பிறகு கண் திரையின் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போனது. பிறகு வலது கை பின்னால் போய் நாற்காலியைத் தேடியது. நாற்காலியை யாரோ நகர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் பிடித்திருக்காவிட்டால் தரையில் உட்கார்ந்திருப்பான். அந்தக் காட்சியை நாங்கள் போனில் எடுத்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் இப்போதும், “அதை இன்னொரு தடவை போடு” என்பாள்.

தங்கை வந்து இறங்கிய அன்று வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி, இன்னும் ஆறு ஓட்டு விழுந்திருந்தா என்னடி செஞ்சிருப்பே?”

“செத்திருப்பேன்” என்றாள். “ஆனா முதல்லயே தோத்திருந்தா அவனுக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. ஜெயிச்சாச்சுன்னு எழுந்து நிக்கணும். நின்னப்புறம் விழணும்.”

ஆகட்டும் தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பழியை யார் மேல் போடுவது என்று பல நாள் யோசித்து வைத்திருந்தவர், கடைசியில் போடுவதற்குப் பழியே இல்லாமல் விழித்தார். பெரிய நாட்டுக்குச் சொன்னது போலவே முதல் ஓட்டு, ஜோடிக்கும் ஒரு ஓட்டு. அவர் கொடுத்த வாக்கு இரண்டும் நிறைவேறியது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை. முதுகு வலியும் சரியாகிவிட்டது.

அந்தப் பக்கம் நிலைமை வேறு. பையில் இருந்த எட்டு ஓட்டு இரண்டாம் சுற்றில் எங்கே போனது என்று பெரிய நாட்டின் பத்திரிகைகள் கேட்டன. மந்திரி கேட்டார். சென்ட்டுக்காரனின் பதவி போனது. ஒரு விசாரணைக் குழு அவனைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னது. அவன் எட்டு நாட்டுக்கும் போன் போட்டான். எட்டுப் பேரும், “ரெண்டாவது சுற்றைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே சார்” என்று ஒரே மாதிரி சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கும் போன் வந்தது. தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்தினோம்.

“நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செஞ்சிருக்கேனாம்மா? தெரிஞ்சா இவங்களுக்கு விளக்கம் சொல்லிடுவேன். எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.”

நான், சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினேன். என் நாக்கு நுனியில் பன்னிரண்டு வருடம் நின்றது.

“நீங்களே யோசிச்சுப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

“ஏன்டி சொல்லல? அவனுக்குத் தெரிய வேண்டாமா? எதுக்காக அடி விழுந்துச்சுன்னு தெரியாம விழுந்த அடி ஒரு அடியாடி?”

“சொன்னா மன்னிப்புக் கேப்பான். அவனுக்கு வாய்தான் இனிக்குமே. ரெண்டு நிமிஷத்துல கேட்டு முடிச்சுட்டு நிம்மதியாப் படுத்துத் தூங்கிடுவான்” என்றாள். “யோசிக்கட்டும்க்கா. யார் யாருக்கு என்னென்ன செஞ்சோம்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கட்டும். நம்ம பேர் வர்றதுக்கு நாளாகும்.”

அதற்குப் பிறகும் அவன் கூப்பிட்டான். ஒருமுறை, ஹோட்டலில் அறை சரியாகக் கொடுக்கவில்லையா என்றான். இன்னொருமுறை, விருந்துக்கு அழைப்பதில் பேர் விட்டுப்போய்விட்டதா என்றான். ஜோடிக்காரர்கள் அதிகமாக ஏதாவது கொடுத்தார்களா என்றும் கேட்டான். ஒவ்வொரு முறையும் அவள், “அது இல்லை சார்” என்று மட்டும் சொன்னாள். குரல் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. என் வீட்டுக்காரருக்கே கொஞ்சம் பரிதாபம் வந்து, “போதும், விட்டுடலாமே” என்றார். அன்று அவருக்குச் சாப்பாட்டை நான் பரிமாறவில்லை, தானே போட்டுக்கொண்டார்.

போன வாரம் தங்கை குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன்.

“அவங்க இல்லையா? நீங்க யாரு?”

“அக்கா.”

சென்ட்டுக்காரன் மெதுவாகக் கேட்டான்: “ரொம்ப வருஷம் முன்னாடி உங்க ஊர் மைதானத்துல ஒரு பொண்ணுக்கு அடிபட்டுச்சு. கோல்கீப்பர். அதுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்காம்மா?”

வந்துவிட்டான். வாசலுக்கே வந்துவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; இத்தனை வருடமாக நான் சேர்த்து வைத்ததையெல்லாம் அவன் காதில் கொட்டிவிடலாம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் மொண்டு ஊற்றும் சத்தம்.

“எந்தப் பொண்ணு?” என்று கேட்டேன்.

“பேர் ஞாபகம் இல்லையேம்மா.”

“ஞாபகம் வந்தாக் கூப்பிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.